யாருடைய மௌனம்?

கடற்கரை ஹோட்டல், கூட்டம் போய்விட்ட காலம், காலியாகக் கிடக்கும் சாப்பாட்டுக் கூடம், ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறக் கடல். இவ்வளவும் ஒரு நாவலிலோ சினிமாவிலோ வந்துவிட்டால் போதும், நம் விமர்சகர்கள் உடனே 'தனிமை' என்று எழுதிவிடுகிறார்கள். இருத்தலின் வெறுமை, அந்நியமாதல், மௌனத்தின் பாஷை என்று அடுத்தடுத்த வார்த்தைகளும் தாமாகவே வந்து விழுகின்றன. இந்த வார்த்தைகள் மீது எனக்கு விரோதம் இல்லை. அவை வந்து விழும் சுலபம்தான் சந்தேகத்தைத் தருகிறது. ஒரு வெறுமையை அனுபவம் என்று ஏற்றுக்கொள்வதற்கு முன், அது எப்படி உண்டாயிற்று என்று கேட்க வேண்டும். பாலைவனத்தின் மௌனம் தானே இருப்பது. சீசன் முடிந்த ஹோட்டலின் மௌனம் செய்யப்படுவது. செய்து, விலைக்கு விற்கப்படுவது.

இந்த விற்பனையின் சூட்சுமம் பிடிபட, 'எல்லாம் அடக்கம்' என்ற ஏற்பாட்டின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1950இல் ஜெரார் ப்ளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர், வாட்டர் போலோ ஆட்டக்காரர், மயோர்க்கா தீவின் அல்கூதியாவில் கூடாரங்கள் அடித்து 'க்ளப் மெடித்தெரானே'யைத் தொடங்கினார். தங்குவது, சாப்பிடுவது, விளையாடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரே தொகை. பின்னர், குடிக்கும் பானத்துக்குக் காசுக்குப் பதில் மணிகளைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கமும் வந்தது. அங்கு வேலை பார்ப்பவர்களுக்கு 'அன்பான அமைப்பாளர்கள்' என்று பெயர். வந்து தங்குபவர்கள் 'அன்பான அங்கத்தினர்கள்'. யுத்தம் முடிந்து ஐந்து வருஷமே ஆன ஐரோப்பாவில், ரேஷன் கார்டின் ஞாபகம் மறையாத மனிதர்களுக்கு, இதில் ஒரு சமத்துவக் கனவு இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கனவு நிறைவேறிய விதம் விசித்திரமானது. பணம் ஒழியவில்லை, கண்ணில் படாமல் போயிற்று. இன்று மணிகளின் இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டை. பட்டை உள்ளவன் கேட்டதை வாங்கிக்கொள்கிறான், இல்லாதவன் கொண்டுவந்து வைக்கிறான். இருவருக்கும் நடுவில் பணம் கை மாறுவதே இல்லை. அதனால் இருவருக்கும் நடுவில் எதுவுமே நடக்கவில்லை என்ற பிரமை உண்டாகிறது.

சீசன் முடியும்போது இந்தப் பிரமை முழுமை அடைகிறது. துருக்கியின் அன்டால்யா கடலோரத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே சீசன் சுமாராக ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. நவம்பர் வந்ததும் பல ஹோட்டல்கள் கதவடைத்துவிடுகின்றன. திறந்திருப்பவை தம்மைச் சுருக்கிக்கொள்கின்றன. பல சாப்பாட்டுக் கூடங்கள் இருந்த இடத்தில் ஒன்று மட்டும் ஓடும். ஒரு பக்கத்து அறைகளைப் பூட்டிவிடுவார்கள். இரவுக் கச்சேரி கிடையாது. மிஞ்சியிருக்கும் விருந்தாளிக்குக் கட்டணம் குறைவு; ஸ்பாவில் காத்திருக்க வேண்டாம்; கடற்கரையில் நடந்தால் எதிரே ஆள் இல்லை. 'என்ன அமைதி!' என்கிறான். அவன் காதில் அலை விழுவதற்குக் காரணம், ஒலிபெருக்கியை இயக்கியவனுக்கு வேலை போய்விட்டது. அவனுடைய மேஜைக்குப் பக்கத்து மேஜை காலியாக இருப்பதற்குக் காரணம், அதைத் துடைத்தவன் தன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். அடுத்த வசந்தம் வரை அவனுக்கு இங்கே சம்பளம் இல்லை. இந்த மௌனத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பிறருக்குக் கொடுக்கப்படாத கூலி.

ஆகவே ஒரு படைப்பு இந்த இடத்துக்குள் நுழையும்போது நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த மௌனம் யாருடையது என்று அதற்குத் தெரியுமா? ஆசிரியருக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம். ஆசிரியருக்குத் தெரிந்தது முன்னுரையாக வரலாம், பேட்டியாக வரலாம். நான் சொல்வது படைப்பின் உருவத்துக்குத் தெரிவதை. கண் எதன் மேல் நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது, வாக்கியம் எங்கே முடிந்துகொள்கிறது என்பதில் தெரிய வேண்டும்.

*

இந்த வகைக்கெல்லாம் மூலவர் தாமஸ் மன்னின் 'வெனிஸில் மரணம்' (1912). 1911இல் மன் தன் மனைவியோடும் அண்ணன் ஹைன்ரிஹோடும் வெனிஸின் லிடோ தீவில், க்ராண்ட் ஹோட்டல் தே பானில் தங்கியிருந்தார். கதையின் களமும் அதுவே. இதைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் ஆஷென்பாக்கின் உள்ளத்தைப் பற்றியவை: அப்பொல்லோ, டையோனிஸஸ், அழகு, ஒழுக்கம், சிதைவு. கதையில் ஹோட்டல் காலியாகிக்கொண்டே வருவதையும் இவர்கள் அவனுடைய உள்ளம் காலியாவதன் படிமமாகவே வாசித்துவிடுகிறார்கள்.

ஆனால் மன் அப்படி எழுதவில்லை. ஹோட்டல் ஏன் காலியாகிறது என்பதற்குக் கதைக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. முதலில் ஜெர்மன் பேச்சு சாப்பாட்டுக் கூடத்தில் குறைகிறது. நாவிதன் வாய் தவறி வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை விட்டுவிட்டு, பிறகு மழுப்புகிறான். தெருப்பாடகன் மேல் கிருமிநாசினி வாடை அடிக்கிறது; கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். கடைசியில் உண்மையைச் சொல்பவன் யார்? ஒரு ஆங்கிலேயப் பிரயாண அலுவலகத்தின் குமாஸ்தா. காலரா வந்திருக்கிறது, நகர நிர்வாகம் மறைக்கிறது, பொதுத் தோட்டத்தில் புதிதாகத் திறந்த ஓவியக் கண்காட்சி, ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் வரக்கூடிய நஷ்டம், இவைதான் மறைப்பதற்குக் காரணம். தரிசனத்தின் உச்சியில் ஒரு டிக்கட் குமாஸ்தாவைக் கொண்டுவந்து நிறுத்தும் துணிச்சல் மன்னுடையது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் கதையின் மையம். உண்மை தெரிந்த ஆஷென்பாக் போலிஷ் குடும்பத்தை எச்சரிக்கவில்லை. எச்சரித்தால் பையன் போய்விடுவான். நகரத்தின் ரகசியமும் அவன் ரகசியமும் ஒன்றாகிவிடுகின்றன. வியாபாரத்துக்காக நகரம் வாய் மூடுகிறது. காதலுக்காக அவன் வாய் மூடுகிறான். இரண்டு மௌனங்களுக்கும் ஒரே சாவி. அவன் தனிமை புனிதமானது, நகரத்தின் வியாபாரம் அசிங்கமானது என்று பிரித்துக்கொள்ளும் சௌகரியத்தை மன் வாசகனுக்குத் தருவதில்லை. கடைசிக் காட்சியில் கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கிறது. நீர் விளிம்பில் முக்காலியின் மேல் ஒரு காமிரா. ஆள் இல்லை, கறுப்புத் துணி காற்றில் அடித்துக்கொள்கிறது. படம் பிடிப்பவன் ஓடிவிட்டான். வெறுமையைப் பார்ப்பதற்கு வைக்கப்பட்ட கருவியையும் அந்த வெறுமையின் ஒரு பொருளாக்கிவிடுகிறது இந்தக் காட்சி. நம்முடைய 'காலியான கடற்கரை' எழுத்துக்களில் இல்லாதது இந்தக் காமிராதான்.

1971இல் விஸ்கோந்தி இதைப் படமாக்கினார். எழுத்தாளன் சங்கீதக்காரன் ஆனான். மாஹ்லரின் இசை திரும்பத் திரும்ப வந்தது. குமாஸ்தாவின் காட்சி படத்திலும் இருக்கிறது. ஆனாலும் படத்தைப் பார்த்து வந்தவர் மனதில் நிற்பது மாஹ்லர். மன் மௌனத்தை மௌனமாகவே விட்டு, அதற்குள் இருக்கும் வியாபாரத்தைக் காட்டினார். விஸ்கோந்தி அதன் மேல் இசையை ஊற்றி மூடினார். மன்னைத் தவறாக வாசிப்பவர்கள் பலர் உண்மையில் விஸ்கோந்தியைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

*

மன்னின் ஹோட்டலில் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு வருபவர்கள் யார்? காலி அறையை ஹோட்டல்காரன் காலியாக விடுவதில்லை. குறைந்த விலையில் யாரையாவது நிரப்புவான். அனிதா ப்ரூக்னரின் 'ஹோட்டல் து லாக்' (1984, அந்த வருஷத்துப் புக்கர் பரிசு) இந்தக் கேள்விக்குப் பதில் போல அமைந்த நாவல். இடம் கடலோரம் அல்ல, ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு ஏரிக்கரை. காலம் செப்டம்பர் கடைசி, சீசனின் வால். காதல் நாவல்கள் எழுதும் ஈடித் ஹோப் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை நிறுத்திவிட்டு வந்தவள். நண்பர்கள் அவளை 'கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா' என்று அனுப்பிவிடுகிறார்கள். மோனிகா, பிள்ளை பெறும்படி உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று கணவனால் அனுப்பப்பட்டவள். மதாம் தெ பொன்னேயின் காது கேட்காது. மருமகளுக்குப் பிடிக்காததால் மகன் அவளை இங்கே விட்டிருக்கிறான்.

யாரும் ஓய்வுக்கு வரவில்லை. வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆஃப் சீசன் ஹோட்டல் என்பது குடும்பங்கள் தமக்கு வேண்டாதவர்களைக் கௌரவமாகப் போட்டுவைக்கும் கிடங்கு என்பதை ப்ரூக்னர் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் சொல்கிறார். தேநீர் நேரம், நாய்க்கு ஊட்டுவது, உடை மாற்றிக்கொண்டு கீழே இறங்குவது என்று அவர் எழுதும் சின்ன விஷயங்களில் ஒரு கொடூரம் இருக்கிறது. குறை என்னவென்றால், பரிமாறுபவர்கள் அவர் உலகத்தில் பெரும்பாலும் நிழல்களாகவே நின்றுவிடுகிறார்கள். யார் அனுப்பினார்கள் என்று கேட்ட ப்ரூக்னர், யார் படுக்கை விரிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. பாதிக் கேள்வி. ஆனால் நேர்மையான பாதி.

இந்தக் கிடங்கை இன்னும் தூரம் கொண்டுபோனவர்கள் இரண்டு சினிமாக்காரர்கள். பாவெல் பாவ்லிகோவ்ஸ்கியின் 'லாஸ்ட் ரிசார்ட்' (2000) மார்கேட் நகரத்தில் எடுக்கப்பட்டது. இங்கிலாந்தின் பழைய உல்லாசக் கடற்கரை. கூட்டம் இல்லாத காலம். ருஷ்யாவிலிருந்து மகனோடு வந்து, அழைத்துப்போக வேண்டியவன் வராமல், அகதி என்று சொல்லிக்கொள்ள நேர்ந்த ஒரு பெண்ணை அங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். 'ட்ரீம்லாண்ட்' என்ற கேளிக்கைப் பூங்காவின் பெயர்ப்பலகை அவளை வரவேற்கிறது. உல்ரிக் ஸைடிலின் 'ரிமினி'யில் (2022) இத்தாலியின் அந்தப் பெயர்பெற்ற கடற்கரை குளிர்காலப் பனிமூட்டத்தில் கிடக்கிறது. ரிச்சி பிராவோ என்ற பழைய பாடகன், காலம் முடிந்துபோன காதல் பாட்டுக்களை, பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கப்பட்ட வயோதிகர்களுக்காகக் காலி ஹோட்டல்களில் பாடுகிறான். காசுக்காக அந்தப் பெண்களில் சிலரோடு படுக்கிறான். ரோமக் கோட்டும் சாயம் போட்ட தலைமுடியுமாக அவன் கடலோரத்தில் நடக்கும்போது, பனியில் சில மனிதர்கள் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அகதிகள். காமிரா அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ரிச்சி அவர்களைப் பார்ப்பதும் இல்லை. பாட்டுக்கும் பனிக்கும் நடுவில் அவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

பிறகு, வருஷக்கணக்காகப் பணம் அனுப்பாமல் விட்ட மகள் வந்து பாக்கியைக் கேட்கிறாள். கடைசியில் அவளும் அவளோடு வந்தவர்களும் ரிச்சியின் வீட்டுக்குள் குடியேறிவிடுகிறார்கள். பின்னணியில் இருந்தது முன்னணிக்கு வந்து உட்காருகிறது. இதை ஸைடில் ஒரு கருத்தாகச் சொல்லவில்லை. சட்டகத்தின் ஓரத்தில் இருந்த உருவங்கள் நடுவுக்கு வருகின்றன, அவ்வளவுதான். படைப்பின் உருவத்துக்குத் தெரிய வேண்டும் என்று நான் சொன்னது இதைத்தான்.

*

ஸைடிலின் முந்தைய படம் 'சொர்க்கம்: காதல்' (2012). வியன்னாவில் மனவளர்ச்சி குன்றியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் தெரேஸா என்ற ஐம்பது வயதுப் பெண் கென்யக் கடற்கரைக்கு விடுமுறைக்கு வருகிறாள். இந்தப் படத்தில் ஒரு காட்சி உண்டு. அதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணலில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். வெள்ளை உடம்புகள் வெயில் காய்கின்றன. எதிரே ஒரு கயிறு. கயிற்றுக்கு அப்பால் வரிசையாகக் கறுப்பு இளைஞர்கள், அசையாமல், காத்துக்கொண்டு. நடுவில் ஒரு காவலாளி. சத்தம் இல்லை. அங்கே ஒரு மௌனம் நிலவுகிறது. அந்த மௌனத்துக்கு நடுவில் ஒரு கயிறு ஓடுகிறது. கயிறு இல்லாமல் அந்த மௌனம் ஒரு நிமிஷம் நிற்காது.

இது மகத்தான ஷாட் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஸைடிலின் எல்லையும் இதிலேயே தெரிகிறது. அவர் சட்டகம் எப்போதும் நேராக, சமச்சீராக, கச்சிதமாக இருக்கும். கயிற்றின் இந்தப் பக்கத்து உடம்புகளும் அந்தப் பக்கத்து உடம்புகளும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்த மாதிரிகள் போல ஆகிவிடுகின்றன. தெரேஸாவும் அவள் சிநேகிதியும் மதுக்கூடத்துச் சிப்பந்தியை அவன் எதிரிலேயே அவனுக்குப் புரியாத ஜெர்மனில் கேலி செய்கிறார்கள். அவனுடைய சிரிப்பு நம்மைக் கூனிக் குறுக வைக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவன் என்ன நினைக்கிறான் என்று அறிய படத்துக்கு ஆவல் இல்லை. ஸைடிலின் காமிராவும் ஒரு கயிறு கட்டுகிறது. அதற்கு இந்தப் பக்கம் நாம். அந்தப் பக்கம் எல்லோரும்.

கயிற்றுக்கு அப்பால் நிற்பவன் பேசினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஜமைக்கா கின்கெய்டின் 'எ ஸ்மால் ப்ளேஸ்' (1988) இருக்கிறது. ஆன்டிகுவா தீவில் பிறந்தவர். சின்னப் புத்தகம். தீவுக்கு வந்து இறங்கும் பிரயாணியை 'நீ' என்று முன்னிலையில் நிறுத்தி எழுதியிருக்கிறார். நீ சாப்பிட்டு ருசிக்கும் உள்ளூர்ச் சாப்பாடு மியாமியிலிருந்து விமானத்தில் வந்தது. நீ குளித்துவிட்ட தண்ணீர் நீ நீந்தும் கடலுக்குத்தான் போயிருக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். 'எல்லாம் அடக்கம்' என்பதில் எதெல்லாம் அடங்கவில்லை என்பதன் ஜாபிதா இது. கோபம் வாக்கியத்தின் நடையாகவே மாறியிருக்கிறது. வளர்ந்து வளர்ந்து, மூச்சுவிட இடம் கொடுக்காமல் போகும் வாக்கியங்கள். பிரயாணிக்கு இந்தப் புத்தகத்தில் உள்ளம் என்று ஒன்று கிடையாது என்று குறை சொல்லலாம். உண்மைதான். எத்தனையோ புத்தகங்களில் பரிமாறுபவனுக்கு உள்ளம் கிடையாது. அதைக் குறை என்று நாம் குறித்துவைத்ததில்லை.

*

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் எழும். நம் வட்டத்தில் நிச்சயம் எழும். 'இதெல்லாம் பழைய முற்போக்குக்காரர்களின் கோரிக்கைதானே? ஹோட்டல் கதை என்றால் வேலைக்காரனுக்கு ஒரு வசனம், சுரண்டலுக்கு ஒரு அத்தியாயம். மனிதனின் அந்தரங்கத் தனிமை என்று ஒன்று இல்லையா? பணம் தீர்ந்தால் தீர்ந்துபோகிற விஷயமா அது?'

நான் வேலைக்காரனுக்கு வசனம் கேட்கவில்லை. வசனம் கொடுத்துக் கெட்டுப்போன கதைகள் நம்மிடம் போதுமான அளவு உண்டு. அந்தரங்கத் தனிமை இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தத் தனிமைக்குள்ளும் பணம் இருக்கிறது, அதை வெளியே தள்ளிவிட்டுத் தனிமையைச் சுத்தப்படுத்தினால் கிடைப்பது ஹோட்டல் விளம்பரம் என்கிறேன். இதற்கு நிரூபணமாக ஷார்லட் வெல்ஸின் முதல் படம் 'ஆஃப்டர்சன்' (2022) போதும். தொண்ணூறுகளின் பிற்பகுதி, துருக்கியில் ஒரு மலிவான விடுதி. பிரிந்து வாழும் இளம் தகப்பன் காலம், பதினோரு வயது மகள் ஸோஃபி. கதை சீசனில்தான் நடக்கிறது. ஆனால் விடுதியில் கட்டிட வேலை முடியவில்லை. அந்த மனிதனுக்குள் ஏதோ இருண்டுகொண்டு வருகிறது. அது என்ன என்று படம் சொல்வதில்லை. வளர்ந்துவிட்ட மகள் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தும் அவளுக்கு அகப்படுவதில்லை. அந்தரங்கத் தனிமை என்றால் இதைவிட அந்தரங்கமாக ஒன்றைக் காட்ட முடியாது.

ஆனால் படம் கணக்குப் பார்த்துக்கொண்டே போகிறது. ஊருக்குக் கிளம்பும் ஒரு பெரிய பெண் தன் 'எல்லாம் அடக்கம்' கைப்பட்டையைக் கழற்றி ஸோஃபியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்தத் தகப்பனுக்கும் மகளுக்கும் அந்தப் பட்டை கிடையாது. அவர்களுக்கு எல்லாமே எண்ணித்தான். இன்னொரு இரவு மேடையில் அவள் தனியாகப் பாடி, பாட்டு சரியாக அமையாமல் இறங்கி வருகிறாள். பாட்டு வாத்தியார் வைக்கிறேன் என்கிறான் அப்பா. பணம் இல்லாதபோது இப்படிச் சொல்வதை நிறுத்து என்கிறாள் குழந்தை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவர்களுக்கு நடுவே விழும் மௌனம், அவனுடைய உள் இருட்டாலும் ஆனது, காலி பர்ஸாலும் ஆனது. இதில் எவ்வளவு எது என்று யாராலும் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாதபடி செய்ததுதான் வெல்ஸின் கலை. ஒரு பிளாஸ்டிக் பட்டை அன்பைப் பற்றியும் பேசுகிறது, வர்க்கத்தைப் பற்றியும் பேசுகிறது. பேசுவதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

இன்னொரு உதாரணம், டெலிவிஷன் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்குப் பிடிக்காது. மைக் ஒயிட்டின் 'தி ஒயிட் லோட்டஸ்' முதல் பாகம் (2021). ஹவாயின் மௌயி தீவில் ஒரு ஆடம்பர ஹோட்டலில் எடுத்தார்கள். 2020இல், கொள்ளை நோயால் விருந்தாளிகள் இல்லாமல் மூடிக்கிடந்த ஹோட்டலையே எடுத்துக்கொண்டு வேலை நடந்தது. உலகம் முழுவதும் ஆஃப் சீசன் ஆகிவிட்ட ஒரு வருஷத்தில், கூட்டமுள்ள ஹோட்டலை ஜோடித்துக் காட்டினார்கள். தொடர் முழுவதையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. பணக்காரர்களைக் கேலி செய்வது பணக்காரர்களுக்கே பிடித்தமான பொழுதுபோக்கு. ஆனால் அதில் பெலிண்டா இருக்கிறாள். ஸ்பாவின் பொறுப்பாளர். வந்தவர்களின் உடம்பைத் தொட்டு, துக்கத்தைக் கேட்டு, ஆறுதல் சொல்வது அவள் உத்தியோகம். தான்யா என்ற பணக்காரி, உனக்குச் சொந்தமாக ஒரு நிலையம் வைத்துத் தருகிறேன் என்று ஆசை காட்டிவிட்டுக் கைவிடுகிறாள். கடைசியில், புதுமணப் பெண் ஒருத்தி தன் கல்யாணத்தைப் பற்றிய குழப்பத்தோடு வந்து புத்திமதி கேட்கிறாள். பெலிண்டா தன்னிடம் புத்திமதி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள்.

ஸ்பாவில் விற்கப்படுவது என்ன? எண்ணெயும் வெந்நீரும் அற்பம். ஒருவர் இன்னொருவர் மேல் காட்டும் கவனம்தான் சரக்கு. கூட்டம் இல்லாத நாட்களில் அது இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. அவசரம் இல்லாத விரல்கள், தணிந்த குரல். அந்தக் கவனம் கட்டணத்தில் அடக்கம் என்று வாங்கியவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பெலிண்டா எழுந்துபோகும் அந்தக் கணத்தில், அடக்கம் இல்லாத ஒன்று வெளிப்படுகிறது. நான் இதுவரை சொன்ன எல்லாப் படைப்புகளிலும் விற்கப்படாத மௌனம் இது ஒன்றுதான். அது விருந்தாளியுடையது அல்ல.

*

இதெல்லாம் ஐரோப்பிய, அமெரிக்க விஷயம், நமக்கு என்ன என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம், காலியான கடற்கரை நம் புதுக்கவிதையிலும் சிறுகதையிலும் ஒரு சௌகரியமான சாமானாக ஆகிவிட்டதுதான். யாரையும் பெயர் சொல்ல வேண்டாம்; நம் பத்திரிகைகளின் எந்த இதழைப் பிரித்தாலும் அகப்படும். ஒரு கடற்கரை, ஒரு நான், ஒரு அந்தி, கொஞ்சம் காலடித்தடம். வலை உலர்த்துபவன் இல்லை. இருந்தாலும் தூரத்தில் ஒரு கரும்புள்ளி. மேற்கின் நவீனத்துவத்திலிருந்து நாம் வெறுமையை எடுத்துக்கொண்டோம்; அந்த வெறுமையின் நீர் விளிம்பில் மன் நிறுத்திவைத்த காமிராவை விட்டுவிட்டோம்.

நம்மிடம் கடலோரத்துத் தனிமைக்கு இலக்கணமே இருந்தது. தொல்காப்பியம் நெய்தலுக்கு எற்பாடு என்ற சிறுபொழுதைச் சொல்கிறது. பெரும்பொழுது என்று தனியே ஒன்றை ஒதுக்குவதில்லை. ஆறு பருவங்களும் நெய்தலுக்கு உரியவை என்று பின்னால் வந்த இலக்கணங்கள் கொண்டன. குறிஞ்சிக்குக் கூதிர், முல்லைக்குக் கார் என்பதுபோல நெய்தலுக்கு ஒரு சீசன் இல்லை. ஆகவே சீசன் அற்ற காலமும் இல்லை. இதற்கு நான் காணும் விளக்கம் எளிமையானது. அங்கே இருப்பவர்கள் வந்து போகிறவர்கள் அல்ல. பரதவர் வருஷம் முழுவதும் அங்கேதான். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பிரிவில் உருகும் அந்தத் தலைவி எங்கே நிற்கிறாள்? உலர்த்திய மீனைப் பறவைகள் கொத்திப்போகாமல் காவல் காத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் ஏக்கத்தின் மேல் மீன் வாடை வீசுகிறது. அதனால் அந்த ஏக்கம் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை. கடல் அவளுக்குக் காட்சிப் பொருளாக இருக்கவில்லை. அப்பனும் அண்ணனும் போயிருக்கும் இடமாக இருந்தது.

பழமைக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சங்கப் பாட்டின் திணையை இன்று எடுத்துக் கட்டினால் அதுவும் ஒரு ரிஸார்ட்தான். முகப்பில் மண்பானை வைத்த ரிஸார்ட். நான் சொல்வது, தனிமையை எழுதுவதற்குச் சுற்றியுள்ள மனிதர்களை அப்புறப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு நம் பாஷைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது என்பதைத்தான். அப்புறப்படுத்துவது ஹோட்டல் நிர்வாகத்தின் வேலை. அதை அவர்கள் நம்மைவிடத் திறமையாகச் செய்கிறார்கள். அதற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள். கவிஞன் அதையே இலவசமாகச் செய்து, தரிசனம் என்று பெயர் வைத்துக்கொள்வது பரிதாபம்.

மௌனத்தை எழுதலாம். அந்த ஹோட்டலில் பூட்டிய அறைகள் எத்தனை, அவற்றைப் பெருக்கியவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது எழுதுபவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கவிதையில் அது ஒரு வார்த்தையாகக்கூட வர வேண்டியதில்லை. தெரியாமல் எழுதியது மட்டும் வாசிப்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது.